ஜெர்மனிக்குப் போக வாடகைப் பணம் எதற்கு?

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. குலசேகரம் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. மகளும் மருமகனும் ஜெர்மனியில் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு 75 நாள் போய் இருந்துவிட்டு வர நினைக்கிறோம். என் வங்கிக் கணக்கில் 1,85,000 ரூபாய் இருக்கிறது. மனைவி பெயரில் கூட்டுறவுச் சங்கத்தில் 3 லட்சம் வைப்பு இருக்கிறது. ரப்பர் விற்ற பணம் பெரும்பாலும் ரொக்கமாகவே கைக்கு வரும், கையிலிருந்தே செலவாகும். மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜென்ட், "ஆளுக்கு 10 லட்சம் ஒரு மாதம் கணக்கில் நிற்க வேண்டும், நானே மூன்று வட்டிக்கு ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார். 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டுகளும் அவரிடம்தான் இருக்கின்றன. மகளோ, "அப்பா, ஒரு பைசா காட்ட வேண்டாம், நான் இங்கிருந்து ஒரு கடிதம் அனுப்புகிறேன்" என்கிறாள். துபாயில் இருக்கும் மகன், "எங்கள் ஊருக்கு வர இதையெல்லாம் யாரும் கேட்பதில்லையே" என்கிறான். அடுத்த வருடம் இங்கிலாந்தில் இருக்கும் தங்கையையும் பார்க்க ஆசை. யார் சொல்வதைக் கேட்பது?
— ரப்பர் விவசாயி, குலசேகரம்

அன்புள்ள ஐயா,

பேத்தியோ பேரனோ, முதலில் வாழ்த்துகள். மகள் சொல்வது முக்கால்வாசி சரி. மகன் சொல்வது துபாய்க்குச் சரி. ஏஜென்ட் சொல்வது எனக்குத் தெரிந்து எந்த நாட்டுச் சுற்றுலா விசாவுக்கும் சரியில்லை.

முதலில் அவருடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேருக்கு 20 லட்சம், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. ஒரு மாதத்துக்கு 60,000 ரூபாய். மாத முடிவில் அந்த 20 லட்சம் அவரிடமே திரும்பிப் போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது வங்கி அறிக்கையில் இரண்டு வரி. அந்த இரண்டு வரிதான் உங்களைக் காட்டிக்கொடுக்கப் போகிறது.

நாகர்கோவிலில் விசா ஆவண வேலைக்கு வருவதற்கு முன் நான் வங்கியில் இருந்தவன். ஒரு கணக்கின் அறிக்கையை மூன்று நிமிடம் பார்த்தால் அந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மின்கட்டணம் எப்போது போகிறது, உரம் எந்த மாதம் வாங்குகிறார்கள், நகைக்கடனை எப்போது திருப்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓராண்டாக இரண்டு லட்சத்தைத் தாண்டாத கணக்கில் திடீரென்று 10 லட்சம் வந்து, அதில் ஒரு ரூபாய்கூடச் செலவாகாமல், வந்தது போலவே கிடக்கிறது என்றால், கிளையில் புதிதாகச் சேர்ந்த எழுத்தருக்கும் விஷயம் புரிந்துவிடும். தினமும் நூற்றுக்கணக்கான அறிக்கைகளைப் பார்க்கும் விசா அதிகாரிக்குப் புரியாதா? அவர் கேட்பது "எவ்வளவு?" என்பதை மட்டும் அல்ல, "எங்கிருந்து?" என்பதையும்தான். இப்படி வட்டிக்கு வாங்கி நிறுத்தும் வாடகைப் பணத்தில் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடையாது.

உள்ளூரிலும் சிக்கல் உண்டு. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தினால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். விசாவும் கிடைக்காமல், இரண்டு வருடம் கழித்து ஒரு நோட்டீஸ் வந்தால், அதற்குப் பதில் எழுத ஏஜென்ட் வர மாட்டார்.

இந்த "ஒரு மாதம் நிற்க வேண்டும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் கல்விக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் வைத்திருந்து காட்ட வேண்டும். அது மாணவர் விசாவின் விதி. நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் அந்த வழியில் போயிருக்கிறார்கள்! அவர்களுக்குக் காகிதம் தயாரித்துப் பழகியவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் தாத்தாவுக்கும் அதே சட்டையைத் தைக்கிறார்கள். சுற்றுலா விசாவில், இங்கிலாந்துக்கேகூட, 28 நாள் என்ற கணக்கு இல்லை.

இனி உங்கள் ஜெர்மனி விஷயம். நீங்கள் கேட்கப் போவது ஷெங்கன் குறுகிய கால விசா, அதாவது ஜெர்மனி, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம் என்பதால் உங்கள் 75 நாள் அதற்குள் அடங்கிவிடும். அதிகாரி மனத்தில் இரண்டு கேள்விகள் இருக்கும். இந்த 75 நாளும் இவர்கள் சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் யார் பணம்? 76ஆம் நாள் இவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்களா? பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதிலாக இரண்டு கோடி ரூபாய்க்குச் சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் தோட்டத்தை விற்றா ஜெர்மனியில் பால் வாங்கப் போகிறோம்? தோட்டம் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில். அங்கே அதற்கு மதிப்பு அதிகம்.

முதல் கேள்விக்கு மகள் சொன்ன கடிதம்தான் சரியான பதில். ஆனால் அது சாதாரண அழைப்புக் கடிதம் அல்ல. ஜெர்மனியில் இருப்பவர் தம் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நேரில் போய், 29 யூரோ கட்டணம் செலுத்தி, "இவர்கள் இங்கே தங்கும் செலவுக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்திட்டுப் பெறும் உறுதிமொழிப் பத்திரம். அதன் ஜெர்மன் பெயர் ஃபெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங். அந்தச் சொல்லை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் விசாவைக் கையில் கொடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வோம். நீங்கள் மருத்துவமனையில் சேர்ந்து அரசுக்குச் செலவு வைத்தாலோ, திருப்பி அனுப்பும் நிலை வந்தாலோ, அந்தப் பணத்தைக் கையெழுத்திட்டவரிடம் அரசு கேட்கும். அதனால் அவருடைய சம்பளச் சீட்டுகளைப் பார்த்து, இரண்டு பேரைத் தாங்கும் வருமானம் இருக்கிறதா என்று கணக்கிட்ட பிறகுதான் கொடுப்பார்கள். மூலப் பத்திரமே உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படம் உதவாது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் விண்ணப்பத்தோடு வைத்துவிடுங்கள்.

இங்கே உங்கள் மகள் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது, அதனால்தான் முக்கால்வாசி என்றேன். குழந்தைக்கு இரண்டு மாதம் என்றால் அவள் இப்போது விடுப்பில் இருப்பாள். அந்தக் காலத்தில் முழுச் சம்பளம் வராது. குழந்தை வளர்ப்புக்காக அரசு கொடுக்கும் தொகை, கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளத்தில் ஏறக்குறைய 65 சதவீதம், அதுவும் மாதம் 1,800 யூரோவுக்கு மேல் போகாது. குழந்தையையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வருமானம் இன்னும் இரண்டு பேருக்குப் போதாது என்று அலுவலகம் சொல்லிவிட இடமிருக்கிறது. மருமகனைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். கையெழுத்திடுபவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. வேலையும் நிலையான சம்பளமும் இருந்தால் போதும். மருமகனிடம் எப்படிக் கேட்பது என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். மகளையே பேசச் சொல்லிவிடுங்கள்.

பத்திரம் வந்துவிட்டால் உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்பது பின்னுக்குப் போய்விடும். இருந்தாலும் கடைசி மூன்று மாத அறிக்கையை வையுங்கள். 1,85,000 ரூபாய் வெட்கப்பட வேண்டிய தொகை அல்ல. அது உங்கள் பணம், அதற்கு வரலாறு இருக்கிறது. மனைவியின் 3 லட்சத்துக்குச் சங்கத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சான்று வாங்குங்கள். கையால் எழுதிய பாஸ்புக்கின் நகலை மட்டும் வைத்தால் எடுபடாது.

உங்கள் உண்மையான பலவீனம் தொகை குறைவு என்பதல்ல, ரப்பர் பணம் வங்கியைத் தொடாமலே போய்விடுவதுதான். இரண்டரை ஏக்கரில் பால்வெட்டு நடக்கிறது, ஷீட் விற்கிறது, ஒட்டுப்பாலும் விற்கிறது. ஆனால் காகிதத்தில் நீங்கள் வருமானமே இல்லாத மனிதர். இன்றிலிருந்து ரப்பர் வாரிய உரிமம் உள்ள கடையில் விற்று, பில் வாங்கி, பணத்தைக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். "துண்டுச் சீட்டு போதும் அண்ணாச்சி" என்று கடைக்காரர் சொல்வார். போதாது என்று சொல்லுங்கள். வீட்டுச் செலவுக்கும் கணக்கிலிருந்தே எடுங்கள். நாலைந்து மாதம் இப்படிப் போனால் அந்த அறிக்கை உங்களுக்காகப் பேசும். வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. ஆனாலும் வரி விலக்குள்ள வருமானம் என்று காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். வரி கட்டாதவர் எதற்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேட்காதீர்கள். வெளிநாட்டு அதிகாரிகள் பார்த்துப் பழகிய காகிதம் அது.

அடுத்து ஒரு விளக்கக் கடிதம், ஒரே பக்கம் போதும். ரப்பர் மரம் எந்த மாதத்தில் இலை உதிர்க்கும் என்று ஜெர்மன் அதிகாரிக்குத் தெரியாது. பிப்ரவரி, மார்ச் மாத வரவு ஏன் சுருங்கியிருக்கிறது, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் ஏன் ஒன்றுமே இல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். குளச்சல் பக்கத்துப் படகு உரிமையாளர் ஒருவர் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்கப் போக விண்ணப்பித்தார். அந்த நாடு ஆறு மாத அறிக்கை கேட்கும். வழக்கத்துக்கு மாறான பெரிய வரவு இருந்தால் எழுத்தில் விளக்கவும் சொல்லும். அவர் கணக்கில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வெறுமை, ஆகஸ்ட்டில் குவியலாகப் பணம். விளக்கம் எதுவும் வைக்கவில்லை, மறுத்துவிட்டார்கள். மறுமுறை என்னிடம் வந்தார். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதையும், தடை முடிந்ததும் கணவாயும் இறாலும் விற்ற பில்களையும் வைத்து ஒரு பக்கம் எழுதினோம். கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. விசா கிடைத்தது.

இதை வைத்தே உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மே நடுவில் கிளம்பி ஜூலை முடிவில் திரும்பும்படி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். மழையில் பால்வெட்டு நின்றிருக்கும், அங்கே கோடைக்காலம். "ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தோட்டத்தில் வேலை இல்லை, ஆகஸ்ட்டில் வெட்டு தொடங்க நான் ஊரில் இருந்தாக வேண்டும்" என்று எழுதினால், எதற்குத் திரும்பி வருவீர்கள் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. பட்டா, நிலவரி ரசீது இரண்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அதோடு வையுங்கள். விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், பயணத்துக்கு 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. கோடைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா கைக்கு வரும் முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

"ஆளுக்கு 10 லட்சம்" என்ற எண்ணுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கலாம். சில நாடுகள் நாள் கணக்கு வைத்திருக்கின்றன. பிரான்சில் தங்க இடமே காட்டாதவர் நாளுக்கு 120 யூரோ காட்ட வேண்டும், ஹோட்டல் பதிவு இருந்தால் 65, உறவினர் அங்குள்ள நகராட்சியில் பதிவு செய்த தங்குமிடச் சான்று கொடுத்தால் 32.50. அதே மனிதர், அதே 75 நாள்: ஒரு வழியில் 9,000 யூரோ, இன்னொரு வழியில் 2,437.50. யூரோவைத் தோராயமாக 100 ரூபாய் என்று வைத்தால் முதல் தொகை 9 லட்சம். யாரோ எங்கோ இந்த உச்சத் தொகையைக் கேட்டு, முழுமையாக்கி, எல்லா நாட்டுக்கும் பொருத்திவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஸ்பெயின் தன் நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறது. 2025இல் நாளுக்கு 118.40 யூரோ. நியூசிலாந்து இன்னும் எளிது: மாதத்துக்கு ஆளுக்கு 1,000 நியூசிலாந்து டாலர், தங்குமிடத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் 400. தாய்லாந்தின் சுற்றுலா விசாவுக்கு ஆளுக்கு 20,000 பாட், குடும்பத்துக்கு 40,000.

அமெரிக்காவுக்கு எந்தத் தொகையும் கிடையாது. நேர்காணலில் இரண்டு மூன்று நிமிடம் பேசியே முடிவு செய்துவிடுவார்கள். கோப்பு நிறையக் காகிதம் கொண்டுபோய் ஒன்றைக்கூடக் காட்டாமல் திரும்பி வந்தவர்கள் ஏராளம். சொந்த நாட்டில் உங்களுக்கு என்ன பிடிப்பு என்பதுதான் அங்கே கேள்வி.

துபாயைப் பற்றி மகன் சொன்னது ஏன் சரி என்றால், மகன் அழைத்துப் போகும் விசாவில் பார்ப்பது அவனுடைய சம்பளத்தைத்தான். 2025இல் வந்த விதிப்படி, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவை அழைக்க மாதம் குறைந்தது 4,000 திர்ஹாம் வருமானம் வேண்டும். ஆனால் அதே நாட்டில், யாருடைய பொறுப்பும் இல்லாமல் தானே வாங்கும் ஐந்தாண்டுப் பலமுறைச் சுற்றுலா விசா ஒன்று உண்டு. அதற்குக் கடந்த ஆறு மாதக் கணக்கில் 4,000 அமெரிக்க டாலர் இருப்பு காட்ட வேண்டும். நாடு ஒன்றே, விசா வேறானதும் யாருடைய கணக்கைப் பார்ப்பது என்பதும் மாறிவிடுகிறது பாருங்கள். மகனிடம் சண்டை போட வேண்டாம், அவன் அறிந்ததைத்தான் சொன்னான்.

தங்கையைப் பார்க்க இங்கிலாந்து போகும் யோசனையை ஜெர்மனி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிர்ணயித்த தொகை இல்லை. தங்கை உங்கள் செலவை ஏற்கலாம். அவர் அங்கே சட்டப்படி வசிப்பவர் என்பதையும், உங்களைத் தாங்கும் வருமானம் உள்ளவர் என்பதையும், உங்கள் இருவருக்கும் உள்ள உறவையும் காட்டினால் போதும். ஜெர்மனி போலப் பத்திரம் கிடையாது, அதனால் உங்கள் சொந்தக் கணக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே உற்றுப் பார்ப்பார்கள். ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பிய ஷெங்கன் விசா ஒன்று பாஸ்போர்ட்டில் இருப்பது அப்போது நல்ல துணை.

ஏஜென்ட் இன்னொன்றும் சொல்லக்கூடும்: "பணம் வேண்டாம் என்றால் வங்கி லெட்டர் மட்டும் தயாரித்துத் தருகிறேன்." அதைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். தூதரகங்கள் கிளைக்கே தொலைபேசியில் கேட்டுச் சரிபார்ப்பது உண்டு. நான் வங்கியில் இருந்தபோது அப்படிப்பட்ட அழைப்புகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். போலிக் காகிதம் பிடிபட்டால் இங்கிலாந்து பத்தாண்டு வரை கதவை மூடும். அமெரிக்காவில் அது வாழ்நாள் தடையாகவே மாறலாம். ஷெங்கன் நாடுகளில் மறுப்பு பொதுப் பதிவில் ஐந்தாண்டு கிடக்கும், ஜெர்மனி மறுத்ததைப் பிரான்சும் பார்க்கும். முன்பெல்லாம் ஜெர்மனி மறுத்தால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். குலசேகரத்திலிருந்து பெர்லினில் வழக்கு நடத்துவது நமக்கு ஆகிற காரியமா?

மகள் உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாக அனுப்பலாம். மகள் தந்தைக்குக் கொடுப்பதற்கு வரி இல்லை. வங்கி வழியாக, அவள் பெயரிலிருந்து வரட்டும். விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். வாடகைப் பணத்துக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம்: இதை யார் அனுப்பினார்கள் என்று உங்களால் நிமிர்ந்து சொல்ல முடியும்.

கடைசியாக, பாஸ்போர்ட். அது இந்திய அரசின் சொத்து. கட்டணம் பாக்கி, கையெழுத்து பாக்கி என்று எந்தக் காரணம் சொல்லியும் ஏஜென்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மார்த்தாண்டம் போய் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அங்கிருந்தே காவல் நிலையத்துக்குப் போகலாம். உங்கள் பெயரில் ஏதாவது விண்ணப்பம் ஏற்கெனவே போட்டிருக்கிறாரா, எந்த வெற்றுத்தாளிலாவது உங்கள் கையெழுத்தை வாங்கி வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இருந்தால் அந்தத் தாள்களையும் திரும்ப வாங்குங்கள். 15,000 ரூபாய் முன்பணத்தை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.